நான் மூடித் தைத்த மடிப்பு

லேடீஸ் டைலர்களுக்கென்றே ஒரு பொய் இருக்கிறது. தைத்துக் கொடுத்த துணி இறுக்கிப் பிடிக்கிறது என்று யாராவது திரும்பி வந்தால், சிரித்த முகமாக, "கொஞ்சம் வெயிட் போட்டிருக்கீங்க மேடம்" என்று சொல்லிவிட வேண்டும். அவ்வளவுதான். வந்தவர்கள் வெட்கப்பட்டுக்கொண்டு, சண்டை போட வந்ததையே மறந்துவிடுவார்கள். முப்பது வருடத்தில் இதை எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேன் என்று அல்லாஹ்வுக்குத்தான் வெளிச்சம். அல் ஐனில் கஃபீல் என்கிற அரபு முதலாளி ஒருவரின் கடையில் வேலை பார்த்தபோதும் சொன்னேன், ஷார்ஜாவுக்கு வந்து முவைலாவில் சொந்தமாகக் கடை போட்ட பிறகும் சொன்னேன். தப்பு என் தையலில் என்று ஒருநாளும் சொன்னதில்லை. எனக்குத் தலைக்கனம் அதிகம் என்பாள் என் மனைவி. இருக்கட்டுமே, தொழில் தெரிந்தவனுக்குக் கொஞ்சம் இருக்கத்தான் செய்யும் என்று நானும் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். இங்கே வந்த நாளிலிருந்து எந்தப் பெண்ணின் மேலும் நான் இஞ்ச் டேப் வைத்ததில்லை. அளவுத் துணி கொடுத்துவிட்டுப் போகச் சொல்வேன். அதை மேசையில் விரித்து அளந்து, அதன்படி வெட்டுவேன். டிரையல் பார்க்க வேண்டுமானால் என் மனைவி திரைக்குப் பின்னால் போய் ஊசி குத்திவிட்டு வருவாள். துணியைப் பார்த்தே ஆளைச் சொல்லிவிடுவேன் என்று பீற்றிக்கொள்வேன். பாதி உண்மையும்கூட.

அந்த ஜெர்மன் மேடம் போன வருடம் குளிர் தொடங்கும்போது கடைக்கு வந்தார். வயது அறுபதுக்கு மேலே. நல்ல உயரம், நரைத்த முடியைக் கழுத்தோடு வெட்டியிருந்தார். அவருடைய கணவர் கடல் தண்ணீரைக் குடிதண்ணீராக்கும் ஆலையில் இன்ஜினியர். மேடம் வீட்டில் பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுப்பார். எங்கள் கட்டடத்தில் ஒரு பிள்ளை அவரிடம் கற்றுக்கொண்டிருந்தது, அதன் தாய்தான் என் கடையைச் சொல்லி அனுப்பியிருந்தார். கையில் உறை போட்ட ஒரு பழைய கவுன். கரும்பச்சைப் பட்டு. தொட்டாலே இழை விட்டுப்போகிற நிலைமையில் இருந்தது.

இதே மாதிரி புதிதாக ஒன்று வேண்டும், வேண்டுமானால் பழசைப் பிரித்து அளவு எடுத்துக்கொள்ளலாம் என்றார். எதற்கு என்று கேட்டேன். மேடையில் பாட என்றார். ஏதோ ஸ்கூல் ஆண்டு விழா போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

அவர் பேசியதெல்லாம் இங்கிலீஷ். என் மனைவிக்கு என்னைவிட நன்றாக வரும், அவளிடம்தான் அதிகம் பேசுவார். என் காதில் விழுந்ததைத் தமிழில் எழுதுகிறேன்.

துணி தேர்ந்தெடுக்க ஒரு தடவை, லைனிங் பார்க்க ஒரு தடவை, டிரையலுக்கு ஒரு தடவை என்று மூன்று முறை வந்தார். முதல் இரண்டு முறையும் என்னைத் திடுக்கிட வைத்துவிட்டுத்தான் போனார். முதலில், அவர் சாதாரணப் பாட்டு டீச்சர் இல்லை. ஆபரா பாடகி. நாடகம் முழுவதையும் வசனமே இல்லாமல் பாட்டாகவே நடிப்பார்களாம், அதில் பெண் குரல்களிலேயே உச்சத்தில் போகிற குரல் இவருடையது. அப்பா ரயில்வேயில் சிக்னல் பார்ப்பவர். சர்ச்சில் பாடிக்கொண்டிருந்த பிள்ளையை யாரோ கேட்டுவிட்டு, படிக்க அனுப்பச் சொல்லியிருக்கிறார்கள். படிப்பு முடிந்ததும் ஒரு சின்ன ஊர்த் தியேட்டரில் வேலை. மாதச் சம்பளம், வருடத்துக்கு இத்தனை நாள் லீவு. பாடுகிறவருக்கு லீவா என்று எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அங்கே ஊருக்கு ஊர் அப்படித் தியேட்டர் இருக்கிறதாம், எங்கள் பக்கத்தில் தாலுகாவுக்கு ஒரு ஆஸ்பத்திரி இருப்பதுபோல. முதல் சில வருடம் பையன் வேடம், வேலைக்காரி வேடம். பிறகு மணப்பெண். பிறகு மகாராணி. ஊர் மாறி ஊர் மாறி, கடைசியில் பெரிய பெரிய மேடைகள்.

மைக் எந்தப் பக்கம் மாட்டுவீர்கள், அதற்குத் தகுந்தாற்போல் கழுத்தை வெட்டுகிறேன் என்றேன். மைக்கே கிடையாது என்றார். நான் நம்பவில்லை. எத்தனை பேர் உட்கார்ந்திருப்பார்கள் என்று கேட்டேன், ஆயிரம், அதற்கும் மேலே என்றார். முன்னால் ஐம்பது அறுபது பேர் வயலினும் தாளமுமாக வாசிப்பார்களாம், அத்தனையையும் தாண்டி இவருடைய தொண்டை மட்டும் கடைசி வரிசைக்குப் போய்ச் சேர வேண்டுமாம். யா அல்லாஹ், இது மனுஷத் தொண்டையா என்று வாய்விட்டே சொன்னேன். தொண்டை இல்லை, மூச்சு என்றார்.

"மேடையில எத்தனையோ தடவை செத்திருக்கேன். காசநோய்ல, கத்திக்குத்துல, விஷம் குடிச்சு. சாகும்போதும் பாடிக்கிட்டேதான் சாகணும்" என்று சொல்லிச் சிரித்தார். என் மனைவி வாயில் கை வைத்துக்கொண்டாள்.

அடுத்த தடவை வந்தபோது அந்தச் சிரிப்பு இல்லை. ஐம்பத்து நாலு வயதில் நுரையீரலில் கட்டி வந்து, ஒரு பக்கத்தில் ஒரு பகுதியையே வெட்டி எடுத்துவிட்டார்கள் என்றார். நான் கத்தரியைக் கீழே வைத்துவிட்டேன். ஒரு வருடம் கழித்து, இதே பச்சை கவுனைப் போட்டுக்கொண்டு, யார் சொல்லியும் கேட்காமல் மேடை ஏறியிருக்கிறார். ஒரு பாட்டில் நீளமான ஒரு வரி, நடுவில் மூச்சு இழுக்க இடமே கிடையாது. அந்த வரியில் மூச்சு நின்று, கண் இருட்டி, மேடையிலேயே உட்கார்ந்துவிட்டாராம். சபையே எழுந்து நின்று கை தட்டியிருக்கிறது. பரிதாபத்துக்குத் தட்டிய கை அது. அன்றைக்கு இறங்கியவர்தான், எட்டு வருடமாக மேடை பக்கமே போகவில்லை.

இப்போது வெளியூர் ஆர்க்கெஸ்ட்ரா ஒன்று துபாய்க்கு வருகிறது. அதை நடத்துகிறவர் அவருடைய பழைய சிநேகிதர். நாலு பாட்டு பாடக் கூப்பிட்டிருக்கிறார். அதில் கடைசிப் பாட்டு, அன்று பாதியில் நின்ற பாட்டு. அந்த ஒரு வரியைத் தாண்டி முடித்துவிட்டால் போதும், அதோடு மேடைக்கு சலாம் போட்டுவிடுவேன், விழுந்த இடத்தில் முடிந்தவள் என்ற பேர் மட்டும் வேண்டாம் என்றார். அதனால்தான் அதே நிறம், அதே கவுன். இது ஸ்கூல் விழா இல்லை என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

பழசைப் பிரித்தேன். வெளியே பார்க்க அவ்வளவு அழகான வேலை, உள்ளே பிரிக்கப் பிரிக்க எனக்கு எரிச்சல். முதுகுப் பக்கம், விலா எலும்பு முடிகிற இடத்தில், இரண்டு பக்கமும் மூன்று விரல் அகலத்துக்குத் துணியை உள்ளே மடித்து, மெஷின் போடாமல் தளரத் தளரக் கைத்தையல் போட்டிருந்தது. லைனிங்கும் அதேபோல. எனக்கு உடனே விளங்கிவிட்டது, அப்படித்தான் நினைத்தேன். மேடம் நடுவில் குண்டாகியிருப்பார், எவனோ ஒரு டைலர் அவசரத்துக்குத் தளர்த்தி விட்டிருக்கிறான். ஜெர்மன்காரன் வேலையே இவ்வளவுதானா என்று நக்கலாகச் சொல்லிக்கொண்டேன்.

என் மனைவி அந்த மடிப்பைக் கையில் எடுத்து இழுத்துப் பார்த்தாள். விட்டதும் அது தானாக மூடிக்கொண்டது.

"இது ஏதோ காரணமா வச்ச மாதிரி இருக்குங்க. மேடத்துக்கு ஒரு போனப் போட்டுக் கேட்டுருவோமே."

எனக்குச் சுள்ளென்று வந்துவிட்டது. முப்பது வருடமாகக் கத்தரி பிடிக்கிறவன் நானா நீயா என்று கேட்டேன். அவள் துணியை மேசையில் வைத்துவிட்டுப் போய்விட்டாள். இப்போது மேடம் மெலிந்துதானே இருக்கிறார் என்று நான் அந்த மடிப்பைக் கணக்கில் எடுக்காமல், மூடியிருந்த அளவுக்கே வெட்டி, முதுகை வழுவழுவென்று இழைத்த மாதிரி மூடித் தைத்தேன். என் கைக்கு நானே கண்ணேறு கழிக்க வேண்டும் போல அப்படி ஒரு ஃபிட்டிங். டிரையலில் மேடம் கண்ணாடி முன்னால் நின்று திரும்பித் திரும்பிப் பார்த்தார். கண் கலங்கிவிட்டது அவருக்கு.

"பழசுக்கும் இதுக்கும் ஒரு நூல்கூட வித்தியாசம் இல்ல மேடம்" என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொன்னேன்.

பன்னிரண்டு நாள் கழித்து, மதியம் லுஹர் தொழுதுவிட்டு வந்து கடையைத் திறக்கிறேன், வாசலில் நிற்கிறார். கையில் அதே உறை. முகம் வாடிக் கிடந்தது. உள்ளே வந்து உட்கார்ந்து, கவுனை மடியில் வைத்துக்கொண்டு, இது இங்கேயே இருக்கட்டும், வேறு யாருக்காவது மாற்றித் தைத்துக் கொடுத்துவிடுங்கள் என்றார். நாளை மறுநாள் கச்சேரி. இவர் பாடவில்லை. வேறொரு பாடகியை வரவழைத்துவிட்டார்கள்.

என் மனைவி தண்ணீர் கொண்டுவந்து கொடுத்து, என்ன ஆனது என்று கேட்டாள். ரிகர்சலில் மூன்று நாளும் அதே வரியில் மூச்சு நின்றுவிட்டது என்றார். வீட்டில் சாதாரண உடுப்பில் பாடினால் முழுசாக வருகிறது. டாக்டர் நுரையீரலைச் சோதித்துவிட்டுக் குறை ஒன்றும் இல்லை என்கிறார். கவுனைப் போட்டுக்கொண்டு ஆர்க்கெஸ்ட்ரா முன்னால் நின்றால் மட்டும், எட்டு வருடத்துக்கு முன் விழுந்த அதே இடம், அதே அடைப்பு. எல்லார் முன்னாலும் பயந்துபோய் நிற்கிறேன் என்று எல்லாருக்கும் தெரிந்துவிட்டது என்றார்.

"முதல்ல கவுன்தான் இறுக்கிப் பிடிக்குதோன்னு நினைச்சேன். ஆனா ஒரு நூல்கூட வித்தியாசம் இல்லன்னு நீங்க சொன்னீங்க. அந்தப் பழசுல நான் இருபது வருஷம் பாடியிருக்கேன். அப்போ தப்பு கவுன்ல இல்ல. என் மனசு செத்துப்போச்சு."

எனக்கு அப்போதும் உறைக்கவில்லை. மூச்சு என்றால் நெஞ்சில்தானே, முன்பக்கம் நான் ஒன்றும் மாற்றவில்லையே என்றுதான் ஓடியது புத்தி. என் மனைவிதான் கேட்டாள், பாடுகிறவர்கள் மூச்சை எங்கே வைப்பார்கள் என்று. மேடம் எழுந்து, அவளுடைய இரண்டு கையையும் பிடித்துத் தன் முதுகில், விலா முடிகிற இடத்தில் வைத்து, ஒரு மூச்சு இழுத்தார். அவருடைய முதுகு விரிந்ததை பக்கத்தில் நின்ற நானே பார்த்தேன். என் மனைவியின் இரண்டு கையும் ஒன்றைவிட்டு ஒன்று விலகிப் போயின. மூன்று விரல் அகலம்.

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

கட்டிங் டேபிளைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அந்த மடிப்பு குண்டானதற்குத் தளர்த்தியது இல்லை. மூச்சுக்கு விட்ட இடம். எந்தத் தியேட்டர் தையல்காரம்மாவோ, பாடுகிறவர்களின் முதுகு தெரிந்தவள், மேடத்திடம்கூடச் சொல்லாமல் வைத்துத் தைத்த இடம். அதை நான் மூடிவிட்டேன். மூடிவிட்டு, ஒரு நூல்கூட வித்தியாசம் இல்லை என்று சொல்லி, கவுனைச் சந்தேகப்படவும் விடாமல் செய்துவிட்டேன்.

வெட்கத்தைவிட்டுச் சொல்கிறேன், அப்போதும் என் நாக்கில் முதலில் வந்து நின்றது அந்தப் பழைய பொய்தான். கொஞ்சம் வெயிட் போட்டிருக்கீங்க மேடம். சொல்லியிருந்தால் நம்பியிருப்பார். யாருக்கும் தெரியப்போவதில்லை. என் மனைவி மட்டும் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பழைய துணித் துண்டுகளைப் போட்டு வைத்திருந்த பையை இழுத்துக் கொட்டினேன். முதுகுத் துண்டை எடுத்து அவர் முன்னால் விரித்து, மடிப்பை இழுத்துக் காட்டி, விட்டுக் காட்டி, புதுசில் இது இல்லை, நான்தான் மூடினேன் என்று எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் சொன்னேன். அவருக்குப் புரிய அதிக நேரம் ஆகவில்லை. அந்தத் துண்டை வாங்கி, மடிப்புக்குள் விரலை விட்டுப் பார்த்தார். பிறகு மேசையில் ஓங்கி ஒரு அறை. பொத்தான் டப்பா எகிறிக் கீழே விழுந்தது. ஜெர்மன் மொழியில் என்னென்னவோ கத்தினார். எனக்கு ஒரு வார்த்தை விளங்கவில்லை, எல்லாமே விளங்கியது. பன்னிரண்டு நாள், பன்னிரண்டு நாள் என்று கடைசியில் இங்கிலீஷுக்கு வந்து, என் மனைவியின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதார். இவளும் அழுதாள். நான் கீழே உட்கார்ந்து பொத்தான்களைப் பொறுக்கினேன்.

பிரித்துத் தளர்த்த உள்ளே துணி வைக்காமல் வெட்டியிருந்தேன், பாவி. மிச்சமிருந்த பட்டில் இரண்டு துண்டு வெட்டி, முதுகின் இரண்டு பக்கமும் பிரித்து வைத்து, பழசில் இருந்தபடியே கைத்தையல் போட்டேன். நான் ஒரு பக்கம், அவள் ஒரு பக்கம். இரண்டு மணி நேரம் ஆனது. மேடம் அதே நாற்காலியில் அசையாமல் உட்கார்ந்திருந்தார். முடித்துக் கொடுத்ததும் திரைக்குப் பின்னால் போய்ப் போட்டுக்கொண்டு வந்து, கடை நடுவில், ஓவர்லாக் மெஷினுக்குப் பக்கத்தில் நின்றார்.

பாடினார். இத்தனை வருடத்தில் இப்படி ஒன்றை நான் கேட்டதில்லை. கத்தல் இல்லை, ஆனால் கத்தரி வைத்திருந்த தகரத் தட்டு அதிர்ந்தது. சத்தம் அவர் வாயிலிருந்து வருகிற மாதிரியே இல்லை, நாலு சுவரிலிருந்தும் வந்தது. உடம்பெல்லாம் மயிர்க்கூச்செறிந்துவிட்டது. அந்த வரி போய்க்கொண்டே இருந்தது. இந்த இடத்தில் நிற்கப் போகிறது, நிற்கப் போகிறது என்று நான் பயந்துகொண்டே இருக்க, அது நிற்காமல் போய், மெல்ல இறங்கி, முடிந்தது. பக்கத்து லாண்டரியில் வேலை பார்க்கும் பட்டாணியர் இஸ்திரியைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு வாசலில் நின்றார். கபேட்டேரியாவிலிருந்து சாயா டம்ளரோடு நாலு பேர்.

மேடம் தன் முதுகைத் தானே தொட்டுப் பார்த்துக்கொண்டார். பிறகு என்னிடம் சொன்னார்.

"நாளைக்கு ரிகர்சலுக்கு நீங்க என்கூட வரணும். நான் பயப்படலைன்னு அவங்ககிட்ட நீங்க சொல்லணும்."

மனைவியையும் கூட்டிக்கொண்டு போனேன். அவ்வளவு பெரிய ஹாலை வெளியிலிருந்துகூட நான் பார்த்ததில்லை. மேடையில் ஐம்பது அறுபது பேர் கையில் வாத்தியத்தோடு உட்கார்ந்திருந்தார்கள். நடத்துகிறவர் ஒல்லியான மனிதர், அடிக்கடி வாட்சைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு ஓரத்தில் இளம்பெண் ஒருத்தி, இவருக்குப் பதிலாக வந்த பாடகி, முந்தைய நாள்தான் வந்து இறங்கியிருந்தாள். மேடம் என்னை நடுவில் கொண்டுபோய் நிறுத்தினார். பழைய துண்டைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, இது மூச்சுக்கான இடம், இதை மூடித் தைத்தது நான், மேடத்தின் மேல் ஒரு குற்றமும் இல்லை, தப்பு முழுக்க என்னுடையது என்று சொன்னேன். முப்பது வருடம் சொல்லாததை அறுபது பேர் முன்னால், அரைகுறை இங்கிலீஷில், இரண்டு தடவை சொன்னேன். முதல் தடவை என் குரல் எழும்பவில்லை.

நடத்துகிறவர் ஒரு முறை வாட்சைப் பார்த்துவிட்டுக் கையை உயர்த்தினார். வாசிக்க ஆரம்பித்தார்கள். மேடம் பாடினார், அந்தப் பாட்டை, ஆரம்பத்திலிருந்து கடைசி வரை. ஆயிரம் நாற்காலியும் காலி. நானும் என் மனைவியும் மட்டும் முன்வரிசையில். அந்த வரி வந்தபோது என் மூச்சு நின்றுவிட்டது, அவருடையது நிற்கவில்லை. முடிந்ததும் வயலின்காரர்கள் கை தட்டுவதற்குப் பதிலாக வில்லால் முன்னால் இருந்த நோட்டு ஸ்டாண்டுகளைத் தட்டினார்கள், மற்றவர்கள் காலால் தரையைத் தட்டினார்கள். அந்த இளம்பெண் ஓரத்தில் நின்று தேம்பித் தேம்பி அழுதுகொண்டிருந்தாள். ஆனாலும் நிகழ்ச்சி மாறவில்லை. வந்தவளைத் திருப்பி அனுப்ப முடியாது, எல்லாம் எழுதிக் கையெழுத்துப் போட்டாகிவிட்டது, அடுத்த வருடம் கட்டாயம் கூப்பிடுகிறேன் என்று நடத்துகிறவர் மேடத்தின் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார். வேண்டாம் என்றுவிட்டார் மேடம்.

வெளியே காரை நிறுத்திய இடத்தில் நல்ல வெயில். அடுத்த வருடம் கூப்பிடுகிறேன் என்கிறாரே, ஏன் வேண்டாம் என்கிறீர்கள் என்று என் மனைவி கேட்டாள்.

"அன்னைக்கு என் பாட்டு தானா நின்னுபோச்சு. இன்னைக்கு நான் நிறுத்தினேன். அது போதும்" என்றார் மேடம்.

எனக்கு நெஞ்சில் இருந்த பாறாங்கல் இறங்கிய மாதிரி இருந்தது. மன்னித்துவிட்டார் என்று நினைத்து, நன்றி சொல்ல வாயெடுத்தேன். அவர் கார்க் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு என்னை நேராகப் பார்த்தார்.

"ஆனா ஜனங்க முன்னாடி நிறுத்தணும்னு ஆசைப்பட்டேன். எட்டு வருஷ ஆசை. அது நீங்க எடுத்தது."

ஆமா மேடம் என்றேன்.